மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு பழைய இரண்டும் என்ன செய்துகொண்டிருக்கின்றன?

கேள்வி: நாகலூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், இரண்டரை ஏக்கர் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். வயது 46. உயர் ரத்த அழுத்தம் கவனிக்கப்படாமலேயே நாளடைவில் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, இரண்டேகால் ஆண்டுகள் வாரம் மூன்று முறை சேலத்துக்கு மலையிறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டேன். பதினான்கு மாதங்களுக்கு முன் என் தாயார் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் 1.3-இல் நிற்கிறது. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசோலோன் மூன்றையும் ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்லை.

சென்ற மாதம் இரண்டு நாள் வயிற்று வலி இருந்ததால், அருகில் இருந்த ஒரு ஸ்கேன் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் விலாவின் இருபுறமும் கருவியை ஓட்டிப் பார்த்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் துண்டைக் கொடுத்து எழுந்திருக்கச் சொல்லிவிட்டார். கையில் கிடைத்த அறிக்கையில், "வலது சிறுநீரகம் 7.1 செ.மீ., இடது 6.8 செ.மீ., இரண்டும் சுருங்கியுள்ளன, நாட்பட்ட சிறுநீரக நோய், உடனடியாகச் சிறுநீரக மருத்துவரை அணுகவும்" என்று இருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு மலையேறும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வலது அடிவயிற்றில் அம்மா கொடுத்த சிறுநீரகம் இருப்பதை அந்த ஸ்கேன்காரர் பார்க்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இது போகட்டும். அதே வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 17.9 என்றும், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) 54 என்றும் வந்தது. அறுவைக்குப் பின் ஆறாம் மாதம் 14.2, பத்தாம் மாதம் 16.4. டயாலிசிஸ் காலத்தில் 8-ஐத் தாண்ட ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டவனுக்கு இது நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். ஆனால் என் சிறுநீரக மருத்துவர் முகம் சுளித்தார். "உங்கள் பழைய சிறுநீரகங்களின் வேலையாக இருக்கலாம்" என்று சொல்லி, லோசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையை 25 மி.கி. எழுதிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். கூட்டம் அதிகமாக இருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

என் ஐயங்கள் இவை. செத்துவிட்டன என்று சொல்லப்பட்ட சிறுநீரகங்கள் எப்படி ரத்தத்தை ஏற்ற முடியும்? இப்போது போகும் சிறுநீரில் அவற்றின் பங்கு ஏதாவது உண்டா? எங்கள் தோட்டத்தில் அராபிகாச் செடியைத் தண்டுத் துளைப்பான் தாக்கிவிட்டால், அதைப் பிடுங்கி எரித்துவிடுவோம். விட்டுவைத்தால் பக்கத்துச் செடிக்கும் கேடு. அப்படியிருக்க, பழுதான இரண்டையும் ஏன் உள்ளேயே விட்டுவைத்திருக்கிறார்கள்? "மலைக்காற்றுதான் காரணம், கொஞ்ச நாள் சேலத்தில் தங்கிப் பார்" என்கிறார் என் மைத்துனர். அது உண்மையா? சிறுநீரகக்காரர்கள் லோசார்டன் சாப்பிடக்கூடாது என்றும் அவரே சொல்கிறார்.

மறுமொழி: அஸ்தம்பட்டி அம்மா

தம்பி, வணக்கம். நான் மருத்துவர் அல்ல. என் கணவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைத்தது. பழைய சிறுநீரகம் சிறுநீரில் பங்கு வகிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு எஃப்.எஸ்.ஜி.எஸ். என்ற, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தழும்பாகும் நோய். டயாலிசிஸில் இருந்தபோதும் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. அளவு குறித்த பிளாஸ்டிக் குவளையில் பிடித்துப் பார்த்து நோட்டில் எழுதிவைப்பது என் வேலை என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுவை முடிந்த மறுநாள் காலை, கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையில் 900 மி.லி. நிரம்பியிருந்தது. நாங்கள் எல்லோரும் புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்து, ஊருக்கெல்லாம் போன் செய்துவிட்டோம். ஆனால் கிரியேட்டினின் 7.8-இலிருந்து 8.4-க்கு ஏறியது.

சுற்று வந்த மருத்துவர் பையை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, இவருக்கு அறுவைக்கு முன் எவ்வளவு போகும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு லிட்டர் என்றேன். "அதே ஒரு லிட்டர்தான் இது. புதியது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது" என்றார். மூன்று சிறுநீரகங்களிலிருந்தும் வரும் குழாய்கள் ஒரே சிறுநீர்ப்பையில்தான் திறக்கின்றன என்பதால், பையில் உள்ள சிறுநீரைப் பார்த்து எது யாருடையது என்று பிரிக்க முடியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இறந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம், குளிர்ந்த நிலையில் பல மணி நேரம் இருந்துவிட்டு வருவதால், சில நாட்கள் வேலையைத் தொடங்காமல் இருப்பது அரிதல்ல என்றும் விளக்கினார்கள். மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். ஒன்பதாம் நாள் கிரியேட்டினின் தானாக இறங்கத் தொடங்கியது; பையில் ஒரே நாளில் 3 லிட்டர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய பழைய சிறுநீரகங்கள் புரதத்தை நிறையக் கசியவிடுபவை. அறுவைக்குப் பின் சில வாரங்களில் அந்தக் கசிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. எஃப்.எஸ்.ஜி.எஸ். புதுச் சிறுநீரகத்திலும் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால், அதன் பிறகு எப்போது சிறுநீரில் புரதம் ஏறினாலும் "பழையதுதான் கசிகிறது" என்று சமாதானம் செய்துகொள்ளாமல் புதியதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடவுள் புண்ணியத்தில் இதுவரை ஏறவில்லை.

உங்கள் மைத்துனர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தம்பி.

மறுமொழி: ஓய்வுபெற்ற சிறுநீரக மருத்துவர், சேலம்

நாகலூர் அன்பருக்கு வணக்கம். தங்களை நேரில் பரிசோதிக்காத நான் சிகிச்சையை மாற்றச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். தங்கள் மருத்துவர் எழுதியதன் பின்னணியை மட்டும் விளக்குகிறேன். அவர் சரியான திசையில்தான் போகிறார் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த ஸ்கேன் அறிக்கை. மாற்றுச் சிறுநீரகத்தைப் பழையது இருக்கும் முதுகுப்புற இடத்தில் வைப்பதில்லை. இடுப்பெலும்பின் உட்குழிவில், பெரும்பாலும் வலப்பக்கம், வயிற்றுச் சவ்வுக்கு வெளியே வைத்து, அதன் தமனியையும் சிரையையும் காலுக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைத்து, சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையில் தைப்பார்கள். பழைய இரண்டும் தத்தம் இடத்தில் அப்படியே இருக்கும். விலாவில் மட்டும் கருவியை ஓட்டியவர் கண்டது பழையவற்றை. அளந்ததும் சரிதான், சுருங்கியதும் உண்மைதான். ஆனால் உயிர் காக்கும் மூன்றாவதைக் காணாமல் எழுதிய அறிக்கை அது. என் பணிக்காலத்தில் இதைப் போன்ற அறிக்கையோடு அழுதுகொண்டே வந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். படுக்கும்போதே வேட்டியைத் தழைத்து, தழும்பைக் காட்டி, "எனக்கு இங்கே மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது" என்று தாங்களாகவே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, "செத்துவிட்டது" என்ற சொல். சிறுநீரகத்துக்கு ஒரே வேலை என்று நாம் நினைப்பதால் வரும் குழப்பம் இது. கழிவை வடிகட்டுவது ஒரு வேலை. ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெனினைச் சுரப்பது வேறொரு வேலை. எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு உற்பத்தி செய்யச் சொல்லும் எரித்ரோபாய்டின் என்ற இயக்குநீரைச் சுரப்பது மற்றொன்று. வடிகட்டும் முடிச்சுகள் தழும்பாகிப் போன பிறகும், அவற்றுக்கிடையே உள்ள திசுவில் இந்தச் சுரப்பு வேலையைச் செய்யும் செல்கள் மிஞ்சியிருக்கலாம். டயாலிசிஸ் காலத்தில் உடலில் தேங்கிய கழிவுகளால் அந்தச் செல்களும் அடங்கிக் கிடந்தன, மஜ்ஜையும் சோர்ந்து கிடந்தது. தங்கள் தாயாரின் சிறுநீரகம் கழிவை அகற்றியதும் இரண்டும் விழித்துக்கொள்கின்றன. புதியது தன் பங்குக்குச் சுரக்கிறது. பழையவை, போதும் என்ற கட்டளையைச் சரிவரக் கேட்காமல், தம் பங்குக்கும் சுரக்கின்றன. விளைவு, தாங்கள் கண்ட 17.9.

மாற்றுக்குப் பிந்தைய சிவப்பணு மிகைப்பு என்று இதைச் சொல்லலாம். ஹீமோகுளோபின் 17-க்கு மேல், அல்லது பி.சி.வி. 51-க்கு மேல், வேறு காரணமின்றி நிலைத்து நின்றால் இந்தப் பெயர் பொருந்தும். மாற்றுப் பெற்றவர்களில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு வருவதாகக் கணக்கு. பெரும்பாலும் 8 முதல் 24 மாதங்களுக்குள் தலைகாட்டும். தாங்கள் 14-ஆம் மாதத்தில் இருக்கிறீர்கள். ஆண்களுக்கு அதிகம், புகைப்பவர்களுக்கு அதிகம். மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கே அதிகம் வருகிறது என்பது இதன் விசித்திரம். பழையவைதான் மூலம் என்று எப்படித் தெரியும் என்றால், அவற்றை அகற்றியவர்களில் பலருக்கு இந்த மிகைப்பு அடங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். இயக்குநீர் மட்டும் முழுக் காரணமல்ல. ரெனின் தூண்டிவிடும் ஆஞ்சியோடென்சின் மண்டலமும் மஜ்ஜையைத் தூண்டுவதில் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் அதைத் தடுக்கும் லோசார்டன் மாத்திரை இங்கே வேலை செய்கிறது.

ரத்தம் அதிகமாக இருப்பது வலிமை என்று நம் வீடுகளில் நினைப்பார்கள். இந்த அளவுக்கு மேல் ரத்தம் குழம்பாகி, கால் சிரையிலோ நுரையீரலிலோ மூளையிலோ உறைகட்டி அடைக்கும் ஆபத்து கூடுகிறது. தலைவலி, முகம் சிவத்தல், சோர்வு, ரத்த அழுத்தம் ஏறுதல் ஆகியவையும் இருக்கலாம். தங்கள் மருத்துவர் முகம் சுளித்தது அதற்காகத்தான்.

மலைக்காற்றைப் பற்றி: ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் வாழ்பவர்களின் ஹீமோகுளோபின் சமவெளிக்காரர்களைவிடச் சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் அது அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. தாங்கள் பிறந்து வளர்ந்த மலை ஆறாம் மாதத்தில் 14.2-ஐக் கொடுத்துவிட்டுப் பதினான்காம் மாதத்தில் 17.9-ஐக் கொடுக்காது. ஆகவே வீட்டைக் காலி செய்துகொண்டு சேலத்து வெயிலில் வந்து உட்கார வேண்டியதில்லை.

லோசார்டன் பற்றித் தங்கள் மைத்துனர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. இந்த வகை மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. டாக்ரோலிமஸும் அதையே செய்யும். மாற்றுச் சிறுநீரகத்தின் தமனி இணைப்பில் சுருக்கம் இருந்தால், மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் விறுவிறுவென்று ஏறும். இரண்டு வாரத்தில் ரத்தம் பார்க்கச் சொன்னது இந்த இரண்டுக்காகவும்தான். அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். ஹீமோகுளோபின் இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும்: ஆறு வாரம், இரண்டு மாதம் ஆகும். பொதுவாக 17.5-க்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தவே முயல்வோம். மாத்திரை கேட்காவிட்டால் ரத்தம் எடுத்து வெளியேற்றும் பழைய முறை இருக்கவே இருக்கிறது. காபித் தோட்டக்காரர் என்பதால் ஒரு செய்தி: இந்த மாத்திரைகளுக்கு முன்பு, ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோபிலினை இதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள், ஓரளவு பலனும் இருந்தது. அது காபியில் உள்ள காஃபீனுக்குப் பங்காளி. அதற்காக டம்ளர் கணக்கில் காபி குடிக்கத் தொடங்கிவிட வேண்டாம்.

சிறுநீரில் பங்கு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். டயாலிசிஸ் தொடங்கும் முன்பே மாற்று செய்துகொண்டவர்களுக்கும், அஸ்தம்பட்டி அம்மையாரின் கணவரைப் போல நிறையச் சிறுநீர் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும், முதல் சில மாதங்கள் பழையவற்றின் பங்கு கணிசமாக இருக்கலாம். பின்பு புதியது சுமையை ஏற்றுக்கொள்கிறது, பழைய நோய் நிற்காமல் தொடர்கிறது, டாக்ரோலிமஸ் ரத்தக் குழாய்களைச் சற்று இறுக்குகிறது. இவையெல்லாம் சேர்ந்து அவை மேலும் சுருங்கிப் போகின்றன. இரண்டேகால் ஆண்டு டயாலிசிஸில் இருந்து, 7 செ.மீ. அளவுக்கு வந்துவிட்ட தங்கள் சிறுநீரகங்களிலிருந்து இன்று வருவது ஒன்றுமில்லை என்றே கொள்ளலாம், கிரியேட்டினின் 1.3-இல் நிற்பது முழுவதும் தாயார் கொடுத்ததன் வேலை. துல்லியமாகப் பிரித்துப் பார்க்க அணுக்கதிர் ஸ்கேன் ஒன்று உண்டு, ஆனால் தங்களுக்கு அது தேவையில்லை. விதிவிலக்காக, உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோயாலோ, கடுமையான ரத்த அழுத்தப் பாதிப்பாலோ சிறுநீரகம் இழந்த மிகச் சிலருக்கு, ஆண்டுகள் கழித்துப் பழையவை ஓரளவு மீண்டு வந்ததும் பதிவாகியிருக்கிறது. அதை எதிர்பார்த்து எவரும் உட்காருவதில்லை.

ஏன் பிடுங்கி எறியவில்லை என்று கேட்டீர்கள். தண்டுத் துளைப்பான் பக்கத்துச் செடிக்குப் பறந்து போகும். பழுதான சிறுநீரகத்தின் தழும்பு புதியதற்குத் தொற்றாது. அகற்றுவதென்றால் அது தனியாக ஒரு பெரிய அறுவை. ரத்தம் ஏற்ற நேரலாம்; ஏற்றிய ரத்தத்தால் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகிப் பிறருடைய சிறுநீரகம் பொருந்துவதே கடினமாகலாம். டயாலிசிஸில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு 300 மி.லி. போனாலும் அது எத்தனை பெரிய ஆறுதல் என்பது தங்களுக்கே தெரியும். எனவே அடிக்கடி தொற்று, கல், மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம், மிகக் கடுமையான புரதக் கசிவு, புற்றுநோய்ச் சந்தேகம், இடத்தை அடைக்கும் அளவுக்கு வீங்கிய நீர்க்கட்டிச் சிறுநீரகம் என்ற நிலைகளில் மட்டுமே அகற்றுகிறோம். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே குழுவினர் ஒற்றை உரு இரட்டையரிடையே செய்த முதல் வெற்றிகரமான மாற்றிலேயே இந்தப் பாடம் இருக்கிறது: புதியது நன்றாக வேலை செய்தும் அந்த நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கவில்லை, பழைய இரண்டையும் அகற்றிய பிறகே இறங்கியது. அன்று ரெனினின் விளைவைத் தடுக்கும் மாத்திரை இல்லை. இன்று தங்கள் கையில் இருக்கும் 25 மி.கி. மாத்திரை அந்தக் கத்தியின் வேலையில் பாதியைச் செய்கிறது.

ஒரு சந்தேகம். டயாலிசிஸ் காலத்து இரும்புச் சத்து மாத்திரை எதையாவது இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா? புகைப்பழக்கம் உண்டா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை உண்டா? இவற்றுக்கான பதில்களைத் தங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

மறுமொழி: அம்மாபேட்டைத் தறிக்காரர்

ஐயா எழுதியதில் "இடத்தை அடைக்கும் அளவுக்கு வீங்கிய" என்று வருவது என் கதை. எங்கள் குடும்பத்தில் தந்தை வழியாக வரும் நீர்க்கட்டி நோய். என்னுடைய பழையவை சுருங்கவில்லை, வளர்ந்தன. அறுவைக்கு முன் வலதுபுறம் இருந்தது 24 செ.மீ. நீளம்; சட்டைப் பொத்தான் போட முடியாது. புதியதை வைக்க இடமில்லை என்று அதை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட்டு, இடதுபுறத்தை விட்டுவைத்தார்கள். இப்போது பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் தறியில் உட்கார்ந்திருந்தபோது இடது விலாவில் சுருக்கென்று வலித்து, சிறுநீர் பீட்ரூட் சாறு போல வந்தது. புதியதற்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் ஓடினேன். பழையதில் ஒரு கட்டி உடைந்து ரத்தம் கசிந்திருக்கிறது. ஐந்து நாள் படுக்கை, நிறைய தண்ணீர், அதோடு நின்றுவிட்டது. அப்போது ஒரு செய்தி சொன்னார்கள்: புதியதற்கு நரம்பு இணைப்பு கிடையாது என்பதால், அதில் கல்லே வந்தாலும் வழக்கமான துடிக்கும் வலி தெரியாமல் போகலாம், விலாவில் கடுப்பு வந்தால் அது பழையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வலி இல்லை என்பதற்காகப் புதியது சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது என்பதும் அதில் அடக்கம்.

அந்த இடதுபுறம் கூட மாற்றுக்குப் பிறகு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வருகிறது. கடைசி ஸ்கேனில் 17 செ.மீ. எனக்கு ஹீமோகுளோபின் 16-ஐத் தாண்டியதில்லை. நாகலூர் நண்பர் கவனிக்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. நீண்ட நாள் டயாலிசிஸில் இருந்த பழைய சிறுநீரகத்தில் புதிதாகக் கட்டிகள் தோன்றுவதும், அவற்றில் சில புற்றாக மாறுவதும் மற்றவர்களைவிட நம்மைப் போன்றவர்களுக்கு அதிகம் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறை மூன்றையும் சேர்த்து ஸ்கேன் பார்க்கச் சொல்கிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் இது வழக்கமில்லை. நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம், உங்கள் மலையில் பம்பளிமாஸ் நிறையக் கிடைக்குமே! டாக்ரோ சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது. ரத்தத்தில் மருந்தின் அளவைக் கண்டபடி ஏற்றிவிடும். கமலா ஆரஞ்சு சாப்பிடலாம் என்று எனக்குச் சொன்னார்கள்.

கேள்வி கேட்டவர்: நாகலூர்க்காரன் (ஏழு வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். களத்தில் காபி காய்ந்துகொண்டிருக்கும் மாதம் இது, மாலையில் படுதா போட்டு மூடும் வரை வேறு எதுவும் ஓடாது.

ஐயா கேட்ட கேள்விக்கு வெட்கத்தோடு பதில் சொல்கிறேன். புகைப்பழக்கமோ குறட்டையோ இல்லை. ஆனால் இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். டயாலிசிஸ் காலத்துப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்கியவற்றில் அதுவும் ஒன்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருத்துவரிடம் காட்டியதும் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். அதனால் மட்டும் இப்படி ஏறியிருக்காது, ஆனால் எரிகிற அடுப்புக்கு விறகு எதற்கு என்றார்.

லோசார்டன் தொடங்கி இரண்டாம் வாரத்தில் கிரியேட்டினின் 1.4, பொட்டாசியம் 4.9. ஆறாம் வாரத்தில் கிரியேட்டினின் மறுபடி 1.3, பொட்டாசியம் 5.0, ஹீமோகுளோபின் 17.1, பி.சி.வி. 51. காலையில் எழுந்ததும் பின்மண்டையில் இருந்த கனம் இல்லை. அதை இத்தனை நாளாக மருந்தின் அசதி என்றே நினைத்திருந்தேன்.

வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். இம்முறை படுத்தவுடனே தழும்பைக் காட்டிவிட்டேன். அம்மா கொடுத்தது 11.2 செ.மீ., ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, தமனியில் சுருக்கம் இல்லை. பழைய வலதில் 1.2 செ.மீ. அளவில் சாதாரண நீர்க்கட்டி ஒன்று இருப்பதாகவும், அடுத்த ஆண்டு இதே மாதம் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். என் மனைவி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், "சிறுநீரகம் மூன்று. வேலை செய்வது வலது அடிவயிற்றில்" என்று எழுதி ஒட்டிவிட்டார். தோட்டத்து ஓரத்தில் இருந்த பம்பளிமாஸ் மரத்துக் காய்களை எல்லாம் மைத்துனர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டோம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பொட்டாசியம் 5.0 என்பது கவலைப்பட வேண்டிய அளவா? மாம்பழக் காலம் வரப்போகிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற சிறுநீரக மருத்துவர், சேலம்

மகிழ்ச்சி. 5.0 என்பது வேலியோரம், தாண்டவில்லை. லோசார்டனும் டாக்ரோலிமஸும் சேர்ந்து ஓடும் வரை அதை மாதம் ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். 5.5-ஐ நெருங்கினால், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். உப்புக்கு மாற்று என்று கடையில் விற்கும் பொட்டாசிய உப்பு வீட்டுக்குள் வரக் கூடாது. இளநீர் வேண்டாம். மல்கோவா பழுத்ததும் ஒரு கீற்றோடு எழுந்துவிடுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை எப்படி வருகிறது என்று பார்த்த பிறகு இரண்டாவது கீற்றைப் பற்றிப் பேசலாம்.